விதியா? வெயிலா?

சித்திரை, வைகாசியில் உச்சி வேளையில் கல்லுடைத்துக் கொண்டிருந்த ஒரு கூலிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து மாண்டால், "அவர் விதி முடிந்தது" என்கிறார்கள் ஜனங்கள். "மாரடைப்பு" என்று எழுதிவிடுகிறார் வைத்தியர். அத்தோடு விஷயம் தீர்ந்துவிடுகிறது. அவர் தலைமீது எரிந்த வெயிலைப்பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

விதி கிடக்கட்டும், உடம்பில் நடப்பது என்ன? உஷ்ணம் ஏறினால் அதை வெளியே தள்ளுவதற்காகத் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அங்கே அதிக இரத்தத்தை அனுப்ப இருதயம் வேகமாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விடுவதால் இரத்தம் கெட்டியாகி, எளிதில் உறையப் பார்க்கிறது. திடமான வாலிபர் இதை ஓரளவு தாங்கலாம். வயோதிகரும், முன்னமே இருதய நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவரும் தாங்குவார்களா? இதில் எமனுக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்கின்றோம்.

"வெயில் என்றும் உள்ளதுதானே" என்பார் சிலர். அப்படியல்ல. நிலக்கரியையும் எண்ணெயையும் மனிதன் எரித்துத் தள்ளுவதால் உண்டாகும் கரியமில வாயு பூமியின் உஷ்ணத்தை ஏற்றிக்கொண்டே வருகிறது. 2024ம் வருஷத்தில் அது, நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் இருந்ததைவிடச் சுமார் 1.5 டிகிரி உயர்ந்துவிட்டது. 2003ம் வருஷக் கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேருக்கு மேல் வெயிலால் மாண்டார்கள். 2010 மே மாதத்தில் ஆமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்த ஒரே மாதத்திலா விதி முடிந்தது?

அந்நகரத்தார் தலைவிதி என்று உட்கார்ந்துவிடவில்லை. 2013ல் ஒரு திட்டம் வகுத்து, கடும் வெயிலுக்கு முன்னெச்சரிக்கை, குடிதண்ணீர், வைத்தியர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். சாவு குறைந்தது. மனிதன் முயற்சியால் குறைவது விதியாகுமா?

நமது தமிழ்நாட்டு அரசாங்கமும் 2024ல் வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. நல்லதே. ஆனால் சர்ட்டிபிகேட்டில் "மாரடைப்பு" என்று மட்டும் எழுதினால், வெயிலில் செத்தவர் குடும்பம் எதைக் காட்டி அப்பணத்தைக் கேட்கும்?

ஆகவே, தோழர்களே! சாவின் காரணம் சரியாக எழுதப்படவேண்டும். கோடையில் உச்சி வேளைக்கு ஓய்வும், நிழலும், தண்ணீரும் கூலியைக் குறைக்காமல் கொடுக்கப்படவேண்டும். இது தர்மமல்ல, உழைப்பவரின் பாத்தியம்.

விசிறியின் கீழ் உட்கார்ந்து விதி பேசுகிறவர், ஒரு நாள் உச்சி வேளையில் அந்தக் கல்லை உடைத்துப் பார்க்கட்டும்.