சர்வர் கோர்ஸுக்கு இஎம்ஐ வேண்டாம்

ஆபீஸ்ல விண்டோஸ் சர்வர் 2016 பார்த்துக்கிறீங்களா? 2027 ஜனவரி 12-க்கு அப்புறம் அதுக்கு இலவச செக்யூரிட்டி அப்டேட் வராது. அதனால சர்வர் 2025 கத்துக்கணும்தான். ஆனா அதுக்காக இஎம்ஐ போட்டு கோர்ஸ் சேராதீங்க. நான் ஒருமுறை சேர்ந்தேன். சர்டிபிகேட் வந்தது, வேலை கைக்கு வரலை.

சர்வர் 2025-ஐ 180 நாள் இலவசமா ஓட்டிப் பார்க்கலாம். அந்தக் காசுல பழைய லேப்டாப்புக்கு ரேம் போடுங்க. ஹைப்பர்-வி-ல (விண்டோஸ் ஹோம்னா அது கிடைக்காது, விர்ச்சுவல்பாக்ஸ் போதும்) ரெண்டு மெஷின் உருவாக்கி, 2016-ல இருக்கிற ஆக்டிவ் டைரக்டரியை 2025-க்கு மாத்துங்க. முதல் தடவை சொதப்பும். சொதப்பட்டுமே, அது கம்பெனி சர்வர் இல்லையே! மூணு தடவை செஞ்சு பார்த்துட்டு, மைக்ரேஷன் பேச்சு வரும்போது முதல் ஆளா கையைத் தூக்குங்க. அப்ரைசலுக்கு முன்னாடியே.