சுவர்ப் பத்திரிகையில் உங்கள் சொந்த வரி எது?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் அறிவியல் விழாவுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவர் முழுவதும் மாணவர்கள் தயாரித்த சுவர்ப் பத்திரிகைகள். வண்ணத் தாள், முத்து முத்தான கையெழுத்து, ஓரங்களில் பூ வேலை. ஒவ்வொன்றாக நின்று படித்தேன். சூரியனைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள் இருந்தன. மூன்றிலும், சூரிய ஒளி பூமியை வந்தடைய எட்டு மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தது! உண்மையில் அதற்கு ஆகும் நேரம் எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. மூன்று பேர் தனித்தனியே ஒரே தவற்றைச் செய்வது அரிது. எங்கோ இருந்த ஒரு பிழையை மூவரும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கடைசிப் பலகையின் அடியில், ஒரு சிறிய தாளில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் குறிப்பு இருந்தது. அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தனவாம். வரிசையின் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஈரத் துணியால் துடைத்தாள். அந்த இடத்துக்கு வந்த எறும்புகள் தடுமாறின, திரும்பின, சுற்றிச் சுற்றி வந்தன. அறுந்த வரிசை மறுபடி சேர முதல் முறை 4 நிமிடம் ஆயிற்று. இரண்டாம் முறை 7 நிமிடம். மூன்றாம் முறை 3 நிமிடம். "இரண்டாம் முறை ஏன் அதிக நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை" என்று முடித்திருந்தாள்.

அந்தக் குறிப்புக்குப் பரிசு கிடைக்கவில்லை. "இதில் விஷயம் ஒன்றும் இல்லையே!" என்றார் பொறுப்பாளர். எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றுவரை உடன்பாடில்லை. அந்தச் சுவரிலேயே அறிவியல் எழுத்து என்று சொல்லத் தக்கது அது ஒன்றுதான். பலவகை எறும்புகள் தாம் போகும் வழியில் ஒரு வேதிப்பொருளை இட்டுச் செல்கின்றன. பின்னால் வருபவை அதை மோப்பம் பிடித்துத் தொடர்கின்றன. இது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் துடைத்தால் வழி அழிகிறது என்பதைத் தன் கண்ணால் கண்டு, நேரத்தை அளந்து, தெரியாததைத் தெரியாது என்றும் எழுதிவிட்டாள். அறிவியலில் எழுதக் கற்பவருக்கு வேறு என்ன தொடக்கம் வேண்டும்?

புத்தகம் பைண்டு செய்த இளைஞர்

இப்படித் தொடங்கி வளர்ந்தவர்களில் தலைசிறந்தவர் மைக்கேல் பாரடே. மின்னாக்கிக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்தவர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் எழுதிப் பழகிய கதையைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

லண்டனை அடுத்த ஓர் ஊரில் 1791இல், கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பாரடே. பள்ளிப் படிப்பு மிகக் கொஞ்சம். 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டுக்கு வந்த நூல்களைப் படித்தார், படித்ததைச் செய்து பார்த்தார், செய்ததை எழுதினார்.

1812ஆம் ஆண்டு ஜூலையில் அபட் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எழுத்தாற்றலை வளர்த்துக் கொள்வதும் அக்கடிதங்களின் நோக்கம். தாமே செய்த ஒரு மின்னடுக்கைப் பற்றி அதில் விவரிக்கிறார். ஏழு செப்பு அரைப்பென்னி நாணயங்கள், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் துண்டுகள், இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதங்கள். காகிதம் ஏழு என்று எழுதியவர், உடனே, இல்லை, ஆறு என்று திருத்துகிறார். ஏழு இணைகளுக்கு நடுவே ஆறு இடைவெளிகள்தானே! நண்பருக்கு எழுதும் கடிதம்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. அந்தக் கவனத்தைப் பாருங்கள்.

அதே ஆண்டில் ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. பட்டம் எதுவும் இல்லாத இளைஞருக்கு அந்தக் கையெழுத்து நூலே அறிமுகச் சீட்டாயிற்று.

குறை சொல்ல ஒருவர் வேண்டும்

வேலை கிடைத்த பிறகும் அவர் எழுதிப் பழகுவதை விடவில்லை. 1818இல் பாரடேயும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து கட்டுரைக் குழு ஒன்றை அமைத்தார்கள். உறுப்பினர்கள் கட்டுரை எழுதித் தர வேண்டும். அவற்றை ஒரு கையெழுத்து ஏட்டில் சேர்த்து எல்லோரும் படிப்பார்கள். பேசுவதிலும் இதே முயற்சிதான். பேச்சுக் கலை ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டார். தம் சொற்பொழிவுகளுக்கு நண்பர் மாக்ராத்தை வரவழைத்து உட்கார வைத்து, குறைகளைக் குறித்துக் கொடுக்கச் சொன்னார். வேகமாகப் பேசினால் நினைவூட்ட, 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தம் முன்னே வைக்கச் செய்தார்.

இத்தனை பயிற்சியின் பயனை அவருடைய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் காணலாம். சிறுவர்களுக்காகப் பத்தொன்பது முறை இத்தொடர்களை நிகழ்த்தினார். ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக் கொண்டு எரிதல், காற்று, நீர், சுவாசம் என்று வேதியியலையே விரித்துக் காட்டினார். 1861இல் நூலான அந்தச் சொற்பொழிவுகள் இன்றும் படிக்கப்படுகின்றன.

நாம் என்ன செய்கிறோம்? எழுதியதை 'நன்றாக இருக்கிறது' என்று சொல்பவரிடமே காட்டுகிறோம். அதனால் மகிழ்ச்சி வரும்; எழுத்து வளராது. உங்கள் குறிப்பை உங்களை விட இரண்டு வகுப்பு கீழே படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ படித்துக் காட்டுங்கள். "அப்படி என்றால் என்ன?" என்று எந்த இடத்தில் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள். அவர்களைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். செலவில்லாமல் உங்களுக்குக் கிடைத்த மாக்ராத் அவர்கள்!

தோற்றதையும் எழுதுங்கள்

பாரடே தம் ஆய்வுக் குறிப்புகளுக்கு 1832 முதல் தொடர் எண் இட்டு வந்தார். அந்த எண்ணிக்கை பதினாறாயிரத்தைத் தாண்டியது. வெற்றிகள் மட்டுமா அதில் உள்ளன? 1862இல், சுடரை வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அதன் நிறமாலைக் கோடுகள் மாறுமா என்று சோதித்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி வைத்தார். பின்னாளில் டச்சு விஞ்ஞானி சீமன் இந்த முயற்சியைப் பற்றிப் படித்தார். பாரடே போன்றவர் தேடியதை மேலும் நுட்பமான கருவியால் தேடிப் பார்க்கலாமே என்று துணிந்தார். 1896இல் மாற்றம் தெரிந்தது. 1902இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. தோல்வி என்று பாரடே அதை எழுதாமல் விட்டிருந்தால்?

நீங்கள் கேட்கக் கூடியவை

"எறும்பும் மெழுகுவர்த்தியும் எல்லோருக்கும் தெரிந்தவை, புதிதாக என்ன எழுத?" என்பீர்கள். உலகுக்குப் புதிதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உங்களுக்குப் புதிதாக இருந்தால் போதும்.

"அறிவியலை எழுதத் தமிழில் எங்களுக்குச் சொல் போதவில்லை" என்றும் சொல்வதுண்டு. பெ. நா. அப்புசாமி சட்டம் படித்த வழக்கறிஞர். கலைச்சொற்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் தொடங்கி, பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். எழுத எழுதத்தான் சொல் பிறக்கும். கலைச்சொல் தெரியாவிட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். 'எறும்பு தடுமாறியது' என்பதற்கு அகராதி வேண்டியதில்லை.

"அப்படியானால் நூல்களிலிருந்து எடுத்து எழுதவே கூடாதா?" எழுதலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லிவிட்டு, சரிதானா என்று சோதித்து எழுதுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. வகுத்துப் பாருங்கள்: 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. அந்த மூவரில் ஒருவராவது இந்த ஒரு கணக்கைப் போட்டிருந்தால் எட்டு மணி நேரம் சுவரில் ஏறியிருக்காது. நூலானாலும் இணையமானாலும் அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கம் பள்ளியோடு போய்விடுவதில்லை. பெரியவர்களான பின், மருந்து விளம்பரத்தையும் வதந்தியையும் அப்படியே நம்பச் செய்வதும் அதே பழக்கம்தான்.

தேர்வுக்கு நேரம் போதவில்லை என்பது நியாயமான கவலை. நான் கேட்பது வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம். தேதி, இடம், செய்தது, கண்டது, அளந்தது, புரியாதது. பத்து வரி போதும். மாத முடிவில் நான்கில் நல்லதைத் திருத்தி எழுதிச் சுவர்ப் பத்திரிகைக்குக் கொடுங்கள். ஓராண்டு கழித்து முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நீங்கள் எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று அந்தப் பக்கமே சொல்லும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுவர்ப் பத்திரிகையில் ஒரு பத்தியை மாணவர் தாமே கண்டு எழுதியவற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள். கையெழுத்து கோணலாக இருக்கலாம். வண்ணம் இல்லாமல் இருக்கலாம். 'எனக்குத் தெரியவில்லை' என்று முடிகிற குறிப்பு ஒன்று வந்தால், அதற்கு முதலிடம் கொடுங்கள்.

அந்த மாணவி இப்போது எங்கே படிக்கிறாளோ, தெரியாது. இரண்டாம் முறை ஏன் ஏழு நிமிடம் ஆயிற்று என்ற கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. துணியில் ஈரம் அதிகமா? எறும்புகளின் எண்ணிக்கை குறைவா? இன்று மாலை உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். எறும்பு வரிசை இருந்தால் கடிகாரத்தையும் ஈரத் துணியையும் எடுத்துக் கொள்ளுங்கள். கண்டதை எழுதுங்கள்!