பெரட்டுக் களத்தையும் பாடமாக்குங்கள்

கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனித வள முகாமைத்துவம் படிக்கிறாள் என்று கேட்டால் நமக்கு மகிழ்ச்சிதான். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் கிளாக்கர்மாராக இருந்து நம் பேரைச் செக்ரோலில் எழுதினார்கள். இன்று நுவரெலியா, பதுளை லயங்களிலிருந்து நம் பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள். 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமான அந்த இடத்தில், முகாமைத்துவ பீடத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. அங்கே படித்தவர்களில் சிலர் நாளை தோட்டக் கம்பனிகளின் காரியாலயங்களிலும் உட்காருவார்கள். ஆகவே அந்த வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது நம்முடைய விஷயமும்தான்.

ஆளெடுப்பு, பயிற்சி, வேலை மதிப்பீடு, வேதனம், தொழிலுறவு என்று போகும் பாடம் அது. கெட்ட பாடமல்ல. ஆனால் "நவீனம்" என்று வருவதெல்லாம் புதிதல்ல. 1911 இல் அமெரிக்காவில் டெயிலர் எழுதிய முகாமைத்துவ நூலை உலகெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு ஏற்றிய தொழிலாளியை 47 தொன் ஏற்ற வைத்ததாக அவர் அதில் பெருமையோடு சொல்கிறார். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலர் ஆனது. சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி இரண்டு மடங்குகூட இல்லை. இந்தக் கணக்கு நம் பெண்களுக்குப் புத்தகம் இல்லாமலே புரியும். 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானதும், பல தோட்டங்களில் 20 கிலோ பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்றார்கள். கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனது. பேச மேசை இல்லாத இடத்தில் தராசு மட்டும் பேசியது.

இப்போது வருமானப் பகிர்வு, வெளிவாரி முறை என்கிறார்கள். மலையைப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள், கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்குவார்கள். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் அந்த முறையில் நாம் தொழிலாளி இல்லை என்று எழுதிவிட்டால், கம்பனி கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் என்னவாகும்? உரமும் மருந்தும் யார் செலவு? பிரசவச் சம்பளம் யார் தருவது? இந்த முறையை மேலான திட்டம் என்று அறிக்கை எழுதப்போகிறவர் இந்தக் கேள்விகளை வகுப்பிலேயே சந்தித்திருக்க வேண்டும் என்பதுதான் நமது வேண்டுகோள்.

விரிவுரையாளர்கள் மாணவர்களை ஒரு காலை பெரட்டுக்கு அழைத்து வரட்டும். கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும். எவ்வளவு கழிக்கிறார்கள், ஏன் கழிக்கிறார்கள் என்று கேட்கட்டும். துரைமாரிடமும் கேட்கட்டும், அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளட்டும். கூட்டு ஒப்பந்தத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது வேறு, அது இல்லாத தோட்டத்தில் ஒரு மாதச் சம்பளத்தைப் பார்ப்பது வேறு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் உங்கள் சம்பளச் சீட்டைக் கொடுத்து, கழிவுகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். பழைய சீட்டுகளை அடுப்பில் போடாதீர்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். படிக்க வரும் மாணவர்களுக்கு, உரியவர் சம்மதத்தோடு, அவற்றைக் காட்டுவோம்.