பந்தலடியை அரங்குக்குள் அடைக்க முடியாது

புனிதத்தை மேடையேற்றியவர் ஜெர்மானிய இசைநாடக ஆசிரியர் வாக்னர் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பாரதக் கூத்து இன்னும் சடங்கோடு ஒட்டிக்கிடக்கிறதாம். கோயில் திடலை விட்டு நகரத்து அரங்குக்கு வந்தால்தான் கலையாகுமாம். முதல் வாதமே இரண்டாவதைச் சாய்த்துவிடுகிறது.

அவருடைய இசைநாடகமான 'பார்சிஃபால்' 1882 ஜூலை 26 அன்று பைராய்ட்டில் அரங்கேறியது. மேடையைப் புனிதமாக்கும் விழா நாடகம் என்று அதற்குப் பெயரிட்டார் வாக்னர். வாத்தியக் குழுவைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் அமர்த்திய அந்த அரங்கை விட்டு அது வேறெங்கும் போகக்கூடாது என்றும் விரும்பினார். 1903 டிசம்பர் 24 அன்று நியூயார்க் அதை மேடையேற்றியபோது, அவர் மனைவி கோசிமா வழக்காடியும் தடுக்க முடியவில்லை. இந்தப் பிடிவாதத்தைக் கட்டுரையாளர் மனமாரப் போற்றுகிறார். இடம் மாறினால் படைப்பின் உயிர் போகும் என்று ஜெர்மானியர் சொன்னால் தத்துவம், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கூத்தாடி சொன்னால் பின்தங்கலா? எந்த நியாயத்தில்?

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலுக்குச் சித்திரையில் ஒருமுறை போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். மகாபாரதத்து அரவானின் களப்பலிக்கு முந்தைய இரவு திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதல் வைத்த ஆண்களும் கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவானின் தேர் நகர்கிறது. பந்தலடியில் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை ஏறுகிறது. அங்கே அழுபவர் யாரும் பார்வையாளர் இல்லை, அரவானுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். திரௌபதி அம்மன் கோயில்களிலும் இதே கதைதான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசில் வேடம் கட்டியவர் உயர்ந்த கம்பத்தில் ஏறிக் கீழே போடும் எலுமிச்சைக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் காத்திருக்கிறார்கள். படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் ஊர் நடுவே கிடக்கிறான். கதை தீமிதியில் வந்து முடிகிறது. நெருப்பில் நடப்பது ஊர்.

'பார்சிஃபால்' பெரும்படைப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதில் வரும் புனிதக் கிண்ணக் காட்சியின் இசை கேட்பவரை உலுக்கும். ஆனால் அக்காட்சியில் பகிரப்படும் அப்பமும் திராட்சை ரசமும் மேடையிலுள்ள வீரர்களுக்குத்தான். அவையில் இருப்பவர் இருட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகிறார். மதம் வெற்றுச் சடங்காகிப்போன இடத்தில் அதன் சாரத்தைக் கலைதான் காக்க வேண்டும் என்று 1880இல் வாக்னர் எழுதினார். அவர் கட்டிய அரங்கு அந்த இழப்புக்குப் பதில். இங்கே அந்த இழப்பே நேரவில்லை. நேராத நோய்க்கு அந்த மருந்தைக் கூவாகத்தின் வாயில் ஊற்றச் சொல்கிறார் கட்டுரையாளர்.

அரங்குக்கு வந்த கூத்தும் உண்டு. விடிய விடிய ஆடுவதை ஒரு மணி நேரமாக நறுக்கிக் கைத்தட்டலோடு அனுப்பிவைக்கிறார்கள். கூத்துக்காரர் மீது உண்மையான அக்கறை இருந்தால், திடலில் இரவெல்லாம் ஆடுபவருக்கும் முகவீணை ஊதுபவருக்கும் என்ன கூலி கிடைக்கிறது என்று விசாரித்து எழுதட்டும். அவர் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.