சாவி சிக்கினால் பதறாதீர்கள்!

“என்னது, நம் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் பூட்டைப் பற்றியா?” என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. எங்கள் திருப்பூருக்கு ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்து பாருங்கள். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு எங்கே நின்றாலும் வண்டியோட்டிப் போகிறவர்களில் பெண்கள்தான் எத்தனை பேர்! முன்னால் டிபன் பை, பின்னால் யூனிபார்ம் போட்ட பிள்ளை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த புதிதில், அதில் இரண்டு பேர் போகலாம் என்பதே பெரிய பேச்சாக இருந்ததாம். அதிலும் வீட்டுக்காரர் ஓட்ட, நாம் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துதான் போனோம். இன்றைக்கு வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளையே எடுத்துப் போகிற பெண்கள் உண்டு.

அப்படிப்பட்ட வண்டியில் போட்ட சாவி வெளியே வராவிட்டால் என்ன பாடு! விட்டுவிட்டுப் போனால் வண்டி போய்விடும். நின்றால் ஷிப்டு போய்விடும். அரை நாள் சம்பளம் போனால் அந்த வாரச் சந்தைச் செலவில் துண்டு விழும். அதனால்தான் இந்தத் தடவை ரசப்பொடியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பூட்டை எடுத்துக் கொண்டேன்.

முதலில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உள்ளே சுழலுகிற ஓர் உருளை. அதில் வரிசையாகச் சின்னச் சின்னத் தகடுகள். ஒவ்வொன்றுக்கும் தலைமயிர் போல ஒரு ஸ்பிரிங். சாவி உள்ளே இல்லாதபோது தகடுகள் வெளியே துருத்திக் கொண்டு, உருளையைச் சுழல விடாமல் பிடித்துக் கொள்கின்றன. சரியான சாவியைப் போட்டால், அதிலுள்ள மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தகடுகள் எல்லாம் உள்ளடங்கி விடும், உருளை சுழலும். சுழன்ற பிறகு தகடுகள் அசைய இடம் கிடையாது, சுற்றுச் சுவர் அமுக்கிக் கொண்டிருக்கும். அதனால்தான் ‘ஆன்’ நிலையில் சாவியை உருவ முடிவதில்லை. ‘ஆஃப்’ நிலைக்கோ, ஹேண்டில் லாக் நிலைக்கோ முழுதாக வந்தால்தான் தகடுகள் விட்டுக் கொடுக்கும்.

‘முழுதாக’ என்கிறேனே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. சாவி சிக்கிவிட்டது என்று அலறுகிற பல சமயங்களில் அது சிக்கியே இருக்காது. ‘ஆஃப்’ கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றிருக்கும். அவசரத்தில் திருப்பி, அவசரத்தில் இழுப்போம், வராது. வராததால் இன்னும் பலமாக இழுப்போம்.

ஆகவே முதல் வேலை, கையை எடுத்துவிட்டு மூச்சு விடுவது. பிறகு ஹேண்டிலை நேராக வைத்துக் கொண்டு, சாவியை உள்நோக்கி ஒரு தரம் நன்றாக அழுத்தி, ‘ஆன்’ பக்கம் கொஞ்சம் கொண்டு போய், திரும்ப ‘ஆஃப்’புக்குத் தட்டுகிற வரை கொண்டு வாருங்கள். இப்போது நேராக வெளியே இழுங்கள். மேலும் கீழும் நெம்பாதீர்கள். இடமும் வலமும் லேசாக, வளையல் கழற்றுகிற மாதிரி ஆட்டினால் போதும்.

ஹேண்டில் லாக் போட்ட வண்டியில் சாவியே திரும்பவில்லை என்றால் அது வேறு கதை. பூட்டிலிருந்து ஓர் இரும்பு நாக்கு நீண்டு ஹேண்டில் தண்டைப் பிடித்திருக்கும். வண்டி சாய்ந்து நிற்கிறபோது ஹேண்டிலின் முழு பாரமும் அந்த நாக்கின் மேல் அழுந்தும். சாவியை எவ்வளவு திருகினாலும் அசையாது. இடது கையால் ஹேண்டிலை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டிக் கொண்டே வலது கையால் திருப்புங்கள். பாரம் விலகுகிற அந்த ஒரு கணத்தில் ‘க்ளக்’கென்று விட்டுவிடும். பீரோக் கதவை லேசாகத் தூக்கிப் பிடித்துக் கொண்டு சாவி திருப்புவோமே, அதே பக்குவம்தான்.

இந்த இரண்டிலும் மசியவில்லை என்றால், உள்ளே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊர் அழுக்குக்குத் தனிக் குணம் உண்டு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று செம்மண்ணை வாரிக் கொண்டு வரும். அதோடு பனியன் துணியின் பஞ்சு. நிட்டிங் நடக்கிற இடத்திலும் கட்டிங் டேபிள் பக்கத்திலும் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள், சாயங்காலம் புருவத்தில்கூட வெள்ளை படிந்திருக்கும். கம்பெனி ஷெட்டில் நாள் முழுக்க நிற்கிற வண்டி மட்டும் தப்புமா? அந்தப் பஞ்சு சாவி ஓட்டைக்குள் புகுந்து, எண்ணெயும் சேர்ந்தால் கம்பளி மாதிரி திரண்டு தகடுகளைப் பிடித்துக் கொள்ளும்.

எண்ணெய் என்றதும் நம் கை நேராகத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். வேண்டவே வேண்டாம். மார்கழிக் குளிரில் அது பாட்டிலில் உறைவது தெரியாதா? பூட்டுக்குள்ளும் அப்படித்தான் உறையும். உறையாத நாளில் பிசினாகித் தூசியை இழுத்துச் சேர்க்கும். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் அதைவிட மோசம். தையல் மிஷின் எண்ணெய் எங்கள் ஊரில் இல்லாத வீடு இல்லை. அவசரத்துக்கு ஊசி முனையில் ஒரே ஒரு சொட்டு விடலாம், தப்பில்லை. ஆனால் அதையே வாராவாரம் விட்டுக் கொண்டிருந்தால் பஞ்சுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி.

ஹார்டுவேர் கடைகளில் டபிள்யூ.டி.-40 என்று ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் சான் டியேகோ என்ற ஊரில், ராக்கெட் பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க ஈரத்தை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடினார்களாம். நாற்பதாவது தடவை கலந்து பார்த்தது சரியாக வந்ததால் பெயரிலும் 40 ஒட்டிக் கொண்டது. அதன் மெல்லிய குழாயைச் சாவியின் ஓரத்தில் வைத்து ஒரு அழுத்து. பத்து நிமிஷம் விடுங்கள். சாவியின் தலையில் ஸ்பேனரைக் காட்டாமல், மரக்கரண்டிக் காம்பால் நாலு தட்டு, ‘டொக் டொக்’கென்று மென்மையாக. பிறகு ஆட்டி இழுத்தால் பெரும்பாலும் கறுப்பு அழுக்கோடு வந்துவிடும். துடைத்துவிட்டு, நாலைந்து தரம் போட்டுப் போட்டு எடுத்தால் ஓட்டை சுத்தமாகும். பூட்டின் அடியில் மின்சாரத் தொடர்பு இருக்கிறது; ஆகையால் குளிப்பாட்டுவது போல அடிக்கக் கூடாது. அந்த ஸ்பிரே தீப்பற்றக் கூடியது. விளக்கு, ஊதுபத்தி, அடுப்புப் பக்கம் வேண்டாம்.

சில வீடுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார்கள். அழுக்கு போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பதுதான் ஆபத்து. தண்ணீரென்று குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

பலம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஓர் உதாரணம். எதிர் வீட்டு மருமகள் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஓவர்டைம் முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே வந்தாள். பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அதே சாவியைப் பூட்டில் போட்டால் பாதியில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வாட்ச்மேன் பெரியவர் உதவிக்கு வந்தார். “ஏன் அம்மிணி, இப்படித் தள்ளு, ஒரே இழுப்புத்தான்” என்று பிளையர் போட்டார். சாவியின் தலை அவர் கையில், உடல் பூட்டுக்குள்! நல்ல மனசுக்காரர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவள் வண்டியைத் தள்ளிக் கொண்டு, தனியாக, இருட்டில் எவ்வளவு தூரம் போவாள்? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை பாலுக்கு அழுகிறது. கடைசியில் அவள் கொழுந்தன் போய் அழைத்து வந்தான். வண்டி இரண்டு நாள் கம்பெனியிலேயே கிடந்தது. “சாவி உடைஞ்சதுகூடப் பரவாயில்லைங்க்கா, ‘ராத்திரி வேலைக்குப் போகாதே’ன்னு மாமியார் ஆரம்பிச்சுட்டாங்க, அதுதான்” என்றாள். பூட்டு கெட்டதற்கு வேலையையே விடச் சொன்னால் என்ன நியாயம்?

அப்படி வழியில் மாட்டிக் கொண்டால் வண்டியைவிட நீங்கள்தான் முக்கியம். வெளிச்சமான இடத்தில், நாலு பேர் இருக்கும் கடையோரம் நிறுத்துங்கள். சாவி வராமல் வண்டியை விட்டுப் போக வேண்டியிருந்தால் சக்கரத்தில் சங்கிலிப் பூட்டு போடலாம். சீட்டுக்கு அடியில் ஒன்று கிடந்தால் நல்லது. பயமாக இருந்தால் 112-க்கோ, பெண்களுக்கான 181-க்கோ போன் செய்யத் தயங்க வேண்டாம். சாவி ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிட்டால் பேட்டரி இறங்கிக் கொண்டே இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 2020 ஏப்ரலிலிருந்து விற்கிற பி.எஸ்.-6 வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலை மின்சாரம்தான் செலுத்துகிறது. பேட்டரி அடியோடு செத்தால் கிளப்புவது கஷ்டம். மெக்கானிக்கிடம் சொல்லி பேட்டரி ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

உடைந்த துண்டை எடுக்கிற வழியும் உண்டு. துண்டு சற்றே வெளியே தெரிந்தால், ஓவர்லாக் மிஷினில் நூல் கோர்க்க வைத்திருக்கிறோமே ட்வீசர், அதுவே போதும். தெரியாவிட்டால், முதலில் சின்ன ஸ்குரூ டிரைவரால் உருளையை ‘ஆஃப்’புக்குத் திருப்ப வேண்டும். திருப்பாமல் என்ன இழுத்தாலும் வராது, காரணம் மேலே சொன்னேன். அப்புறம் ஸ்பிரே. பிறகு இழைப்பாக இருக்கிற ரம்பத் தகட்டுத் துண்டை, பல் வெளிப்பக்கம் பார்க்கச் சாவியின் வெட்டுப் பக்கமாக நுழைத்து, பல்லில் மாட்டி மெதுவாக இழுப்பது. ஊக்கு வேண்டாம், அதன் முனையும் உடைந்து உள்ளே போய்விடும். பசை தடவி ஒட்டி இழுக்கிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள், பூட்டுக்கே சமாதி கட்டுகிற வேலை அது. இரண்டு துண்டும் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அவற்றைச் சேர்த்து வைத்துச் சாவிக்காரர் புதிதாக வெட்டித் தருவார்.

எதிர் வீட்டுப் பெண்ணின் சாவியைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். வெட்டுகள் எல்லாம் தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. அதோடு வீட்டுச் சாவி, பீரோச் சாவி, கம்பெனி லாக்கர் சாவி, ஒரு பிள்ளையார், ஒரு பொம்மை! அவ்வளவு கனமும் ஓடுகிறபோது ஆடி ஆடிப் பூட்டைத் தேய்க்கிறது. வண்டிச் சாவி தனி வளையத்தில் இருக்கட்டும். வண்டி வாங்கும்போது இரண்டு சாவி தருவார்கள். ஒன்றைத் தொடாமல் வைத்து, டூப்ளிகேட் வேண்டுமானால் தேயாத அந்தச் சாவியைப் பார்த்தே வெட்டச் சொல்லுங்கள். தேய்ந்ததைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் நகல். வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் வழக்கமாக இரண்டு சாவியையும் கேட்பார்கள், அதற்காகவும் தொலைக்கக் கூடாது. பூட்டே போய்விட்டால் பெட்ரோல் மூடி, சீட்டுப் பூட்டு எல்லாம் ஒரே சாவிக்கு ஒரு செட்டாக மாற்ற வேண்டி வரும், செலவு கூடும். (பூட்டு என்றதும் திண்டுக்கல் ஞாபகம் வராமல் போகுமா? கையால் செய்கிற அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வண்டிப் பூட்டையும் அவர்களே செய்தால் தேவலை என்று எனக்குத் தோன்றும்!)

மாதம் ஒரு தரம் செய்ய ஒரு சுலப வைத்தியம்: பிள்ளைகளின் டிராயிங் டப்பாவிலிருந்து 4பி, 6பி மாதிரி மெத்தென்ற பென்சிலை எடுத்து, சாவியின் இரண்டு பக்கமும் கறுக்கத் தேய்த்து, பூட்டில் பத்துத் தரம் போட்டு எடுங்கள். பென்சிலின் கறுப்பு, கிராஃபைட். வழுக்கும், ஆனால் எண்ணெய் மாதிரி பஞ்சைப் பிடிக்காது. எண்ணெய் விட்ட பூட்டில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், இரண்டும் சேர்ந்து சாந்தாகிவிடும். பொடியை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். கிராஃபைட்டில் மின்சாரம் பாயும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அழுகையை அடக்கச் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து விடுகிறோம், அதுவும் நேரே வாய்க்குத்தான் போகும். பித்தளைச் சாவிகளில் கொஞ்சம் ஈயம் கலந்திருப்பது உண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. கிலுகிலுப்பை கொடுங்கள். நடக்கிற வயதுப் பிள்ளையானால், சாவி ஓட்டைக்குள் அரிசி, தீக்குச்சி, களிமண் எதையாவது திணித்திருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.