கலயத்தின் முதற்பிடி



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தாமிரபரணிக் கரையினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையும் அதன் கீழ்ப்புறத்து ஊர்களும் நீரில் மிதந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, வழியில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட்டதால், 17ஆம் நாள் இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள், நாற்புறமும் வெள்ளம். ஒரு பகுதியினர் பள்ளிக்கூடம் ஒன்றிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். மற்றவர்கள் 19ஆம் நாளன்றுதான் மீட்கப்பட்டனர்.

இடையில் அவர்களுக்குச் சோறிட்டவர் யார்? அருகிலிருந்த புதுக்குடி ஊரார். அவர்களும் வெள்ளத்தால் சூழப்பட்டவர்களே. நாளைய அரிசிக்கு வழி என்ன என்று எண்ணி, அவர்கள் கதவை அடைத்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்களோ தங்களிடம் இருந்ததைக் கொணர்ந்து, தங்கள் அம்மன் கோயிலில் உலை ஏற்றினார்கள்.

இதனை எண்ணுந்தோறும் சாரிபாத்து ஊர்க் கைம்பெண் நம் கண்முன் வருகிறாள். அங்கே வெள்ளமன்று, பஞ்சம். பானையில் இருந்தது ஒரு கைப்பிடி மாவு. மகனும் தானும் உண்டு மடியக் காத்திருந்த அவள், முதல் அப்பத்தை எலியாவுக்குச் சுட்டுக் கொடுத்தாள். அவளும் இஸ்ரயேல் குலத்தவள் அல்லள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் அவளை எடுத்துக்காட்டியபோது சொந்த ஊராரே சினங்கொண்டனர். வேற்றார் நமக்கு ஆசிரியராவதை ஏற்பது அன்றும் எளிதன்று, இன்றும் எளிதன்று.

பொதுக்காலம் 32ஆம் ஞாயிறன்று, வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், திருச்சபை இவளோடு இரண்டு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணையும் சேர்த்தே நம்முன் நிறுத்துகிறது. இருவரும் கற்பிப்பது ஒன்றே: தியாகத்தை அளக்கும் படி, கொடுத்த தொகையன்று, கொடுத்தபின் கையில் எஞ்சியது.

நம் தாய்மார் இதனைப் பிடியரிசியில் கற்றிருந்தனர். உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவைப்பார்கள். கார் பொய்த்தாலும் பிசானம் பொய்த்தாலும் பிடி தவறாது. உண்டபின் மிஞ்சியதைக் கொடுப்பதும் நன்றே; ஆனால் அதனால் நம் இலையில் ஒரு பருக்கையும் குறைவதில்லை. உலைக்கு முன் எடுத்த பிடியோ வீட்டார் அனைவர் இலையிலும் சிறிது குறைகிறது. அந்தக் குறைவே காணிக்கை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த இரண்டு காசைப் புகழுமுன், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞரை ஆண்டவர் கடிந்துகொண்டதாக மாற்கு எழுதுகிறார். ஆகவே ஏழையின் காசைப் புகழ்ந்து பேசி, ஏழையிடமே மேலும் கேட்பது நற்செய்தியாகாது. உண்டியலைத் திறக்கும் குருக்களாகிய நாம் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர்கள். வசதியுள்ளோரும், ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்து, அதன் ஒளியையே மறைக்குமளவு தம் பெயரை எழுதி மனநிறைவு கொள்ளலாகாது.

இம்மாதம் உங்கள் அடுக்களையில் மீண்டும் ஒரு கலயம் இடம்பெறட்டும். முதற்பிடியைப் பிள்ளைகளின் கையால் இடச்செய்யுங்கள். மாத முடிவில் அதனைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சேர்ப்பியுங்கள். அது எந்த வீட்டிற்குப் போகிறது என்று கேளாதீர்கள். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லவும் வேண்டாம்.