ஏழாம் தேதி

ஆலங்காயத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பல வருஷங்களாக ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து மகளைப் படிக்க வைத்தவர். மகளுக்கு இப்போது பெங்களூரில் உத்தியோகம். 'ஸ்டார்ட் அப்' என்கிறார்களே, அப்படி ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி. மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் முதலாளி போனில் கூப்பிட்டு எரிந்து விழுகிறாராம். மறுநாள், "நாமெல்லாம் ஒரே குடும்பம், உனக்குக் கம்பெனியில் பங்கே தருகிறேன்" என்பாராம். "கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மகளிடம் சொன்னேன், சரிதானே?" என்று கேட்கிறார்.

சரியில்லை, அம்மா! உங்கள் ஷூ கம்பெனியில் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப் போனால் சும்மா இருப்பீர்களா? நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேட்டுவிட மாட்டீர்களா? மகள் ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்பதற்காக அவளை மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறீர்கள்? "வேலை போய்விட்டதாமே" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்களே என்ற பயந்தானே?

முதலாளி கோபக்காரராக இருந்தாலும் சம்பளம் ஒழுங்காக வந்தால், இருப்பதா விலகுவதா என்று நிதானமாக யோசிக்கலாம். சம்பளமே வராத இடத்தில், தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நம் கைப்பணம் போகிறது.

பெயர் பெற்ற கம்பெனியானாலும் இதே கதைதான். இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் 'பைஜூஸ்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024-ல் ஊழியர்களுக்குச் சம்பளம் தாமதமாயிற்று. அதே வருஷம் திவால் வழக்கிலும் சிக்கியது.

கம்பெனியைக் கலைத்து ஆஸ்தியைப் பங்கிட நேர்ந்தால் வரிசை என்ன தெரியுமா? 2016-ம் வருஷத்துத் திவால் சட்டப்படி, ஊழியரின் சம்பளப் பாக்கிக்கு நடுவில் ஓர் இடம் உண்டு. பங்குதாரருக்குக் கடைசி இடம். ஆகவே, சம்பளத்துக்குப் பதில் பங்கு என்றால், நடுவில் நிற்பவளைக் கடைசிக்கு அனுப்புகிறார்கள் என்றே அர்த்தம்!

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். ராஜினாமாச் செய்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கொடுக்காவிட்டால், கம்பெனி இருக்கும் ஊரிலுள்ள லேபர் ஆபீஸில் மனுக் கொடுக்கலாம்.

வெளியூரில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருமே சில காரியங்களைச் செய்து வைப்பது நல்லது. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு இவற்றின் நகல் கம்பெனிக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் போதாது; வீட்டிலும் இருக்கட்டும். பாக்கியை வாயால் கேட்காமல் ஈமெயிலில் கேட்கட்டும். பி.எப். பிடித்தால் அது அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். பாஸ்புத்தகத்தைப் போனிலேயே பார்க்கலாம். பிடித்தும் கட்டவில்லையென்றால், மூட்டை கட்டும் வேளை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

தாய்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மகள் போன் செய்தால், "சாப்பிட்டாயா?" என்று கேட்ட கையோடு, "சம்பளம் வந்ததா?" என்றும் கேளுங்கள். "இல்லை" என்றால், "புறப்பட்டு வா, அடுத்த வேலை கிடைக்கும் வரை நம் வீட்டில் இரு" என்று சொல்லுங்கள். எத்தனையோ பெண்கள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.